பதினேழாவது வரி

அந்த எக்செல் தாளில் பதினேழாவது வரி: 'இதரச் செலவு, வாடகை அட்வான்ஸ், 8 பேருக்கு, ரூ.2,40,000.' அதற்கு மஞ்சள் அடித்து, பக்கத்தில் 'நீக்கலாம்' என்று எழுதியது நான்தான். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பிரிவில், அதாவது கம்பெனி சமூகப் பணிகளுக்குச் செலவிடும் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில், சேர்ந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்களிடம் நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தது ஒரு சின்ன அமைப்பு. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு முடிந்ததும் பெட்டியோடு வெளியே வருகிறவர்களுக்குக் கொஞ்ச காலம் துணையாக இருப்பது அவர்கள் வேலை.

வெட்டியதற்கு என்னிடம் காரணம் இருந்தது. அட்வான்ஸ் என்பது வீட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்துகொள்ளும் பணம். செலவு என்றும் சொல்ல முடியாது, கையில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நாலு வரி மேலே லேப்டாப் இருந்தது; அதை யாரும் தொடவில்லை. லேப்டாப்பில் லோகோ ஒட்டலாம், மேடையில் வைத்துக் கொடுக்கலாம், ஆண்டறிக்கையில் படம் போடலாம்.

கூடவே இன்னொரு வரியும் போனது. பிள்ளைகளை வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கும் வழிகாட்டியின் சம்பளம். 'நிர்வாகச் செலவு ஐந்து பர்சென்ட்டைத் தாண்டக் கூடாது' என்று எங்கள் பிரிவில் மந்திரம் மாதிரி சொல்வோம். ஒருநாள் விதியை எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்துகொள்ளும் செலவுக்கு. களத்தில் திட்டத்தை நடத்துகிறவரின் சம்பளம் அதில் சேராது. சி.எஸ்.ஆர். பற்றிச் சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் சம்பளம் இப்படி மஞ்சள் அடிபட்டுப் போயிருக்குமோ.

அமைப்பை நடத்தும் அக்கா மீட்டிங்கில் என்னை 'சார்' என்பார். வழியனுப்ப லிஃப்ட் வரை போனால் 'தம்பி' ஆகிவிடுவேன். அன்றைக்கு லிஃப்ட் வாசலில், "லேப்டாப் கொடுங்க தம்பி, வேணாங்கல. அதை எங்க வெச்சுக்குவான்னு ஒருதடவை வந்து பாருங்க" என்றார்.

போனேன். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்த பையன். மொட்டை மாடியில் ஒற்றை அறை, மாதம் ஐயாயிரம், அட்வான்ஸ் முப்பதாயிரம். அக்கா தன் நகையை வைத்துக் கொடுத்திருந்தார். அவன் அங்கே வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு செல்போன் திருடு போயிருந்தது. கதவைப் பூட்டாமலே வேலைக்குப் போயிருக்கிறான். அலட்சியம் இல்லை, பிறந்ததிலிருந்து அவன் கையில் சாவி என்று ஒன்று இருந்ததே இல்லை. இல்லத்தில் பூட்டுவதும் திறப்பதும் வார்டன். அரிசியும் அப்படித்தான். சமையல்கட்டில் உதவிக்கு நின்றவன், நாற்பது பேருக்கு எத்தனை படி என்று கேட்டால் டக்கென்று சொல்வான். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் முதல் வாரம் முழுக்கப் பழைய சோறுதான் சாப்பிட்டானாம். சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ரயிலில் அந்த மஞ்சள் வரி நினைவுக்கு வந்தது.

அரசாங்கம் ஒன்றும் செய்வதில்லை என்று சொல்ல முடியாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46-வது பிரிவில், பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவருக்கு நிதி உதவி செய்யலாம் என்கிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். இருபத்தொரு வயது வரை, தேவைப்பட்டால் இருபத்து மூன்று வரை நீட்டிக்கலாம். ஆனால் மாதம் நாலாயிரத்தை வைத்துக்கொண்டு முதல் நாளே முப்பதாயிரம் எப்படிக் கட்டுவது? பணம் இருந்தாலும் வீட்டுக்காரர், "அப்பா என்ன பண்றார்?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழிகாட்டி போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அக்காவே. அதாவது, நான் வெட்டிய அந்தச் சம்பளம்.

மொத்தமாகக் கொடுத்துவிட்டால்? கோவிட்டில் அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகள் பேரில் 2021-இல் தமிழ்நாடு அரசு ஐந்து லட்சம் டெபாசிட் அறிவித்தது, பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு கிடைக்கும். ஒன்றிய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் பத்து லட்சம், ஆனால் கையில் வருவது இருபத்து மூன்றில். அக்காவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. "பதினெட்டுல காசு வந்தா, அதுவரைக்கும் கண்ணுல படாத மாமன் எல்லாம் வண்டி புடிச்சு வந்துடுவான்."

காலண்டர் இன்னொரு தொல்லை. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம், காலேஜ் ஃபீஸ் ஜூனில். எங்கள் போர்டு ஒப்புதல் தந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை போவதற்குள் செப்டம்பர் வந்துவிடும். பிப்ரவரி முடிந்ததும் நாங்களே போன் போட்டு, 'மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணிடுங்க' என்று துரத்துவோம். யாரும் எங்கள் நிதியாண்டைப் பார்த்துப் பதினெட்டு வயதை எட்டுவதில்லை.

அடுத்த வருடம் வரியின் பெயரை மாற்றினேன். 'இதரச் செலவு' என்பதற்குப் பதில் 'திரும்பப் பெறத்தக்க குடியிருப்பு வைப்புத்தொகை'. தொகை அதே 2,40,000. நிதிப் பிரிவில் ஒரு கேள்வி இல்லாமல் கையெழுத்தானது. வழிகாட்டி சம்பளத்துக்கு மட்டும் விதியை அச்செடுத்து மூன்று முறை நடந்தேன். பாதி கிடைத்தது.

போன மாதம் அந்த அம்பத்தூர் பையனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து அறையைக் காலி செய்தான். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் இருபத்தைந்தாயிரத்தைத் திருப்பித் தந்திருக்கிறார். அதை ஒரு கவரில் போட்டு, "அடுத்து வர்றவங்களுக்கு" என்று அக்காவிடம் கொடுத்துவிட்டான். நகை எப்போதோ மீட்டாகிவிட்டது. அக்கா அந்தக் கவர் பணத்தை எங்கள் திட்டக் கணக்கில் சேர்க்கச் சொன்னார். சேர்க்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். பயனாளியிடமிருந்து பணம் வாங்க நம் கணக்கில் தலைப்பு இல்லை என்றார். கவர் அக்காவின் பீரோவில் இருக்கிறது. செங்குன்றத்தில் ஒரு பெண்ணுக்கு அறை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸைக் குறைக்க மாட்டேன் என்கிறாராம்.