மீடியா மாற்றும் நாட்கள்

மார்ச் 2, ஞாயிறு

டிஷ்ஷில் ஒன்றும் இல்லை. ஸ்டெம் செல்லாக, அதாவது உடலின் எந்தச் செல்லாகவும் ஆகக்கூடியதாக, மாற்ற வைத்த வௌவால் தோல் செல்கள் நீளநீளமாகப் படுத்துக் கிடக்கின்றன. மனித செல்லாக இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் மாறிய செல்கள் கூட்டமாக, காலனியாக வரும் என்று தைரியமாகக் காத்திருக்கலாம். வௌவாலுக்கு அப்படிக் கணக்குச் சொல்ல யாரிருக்கிறார்கள்?

மார்ச் 6, வியாழன்

அம்மா வாட்ஸ்அப்பில் அந்த முடி வளர்ந்த எலிப் படத்தை அனுப்பியிருந்தார். “மாமூத் திரும்ப வந்துடுச்சாமே?” அழிந்துபோன அந்த ரோம யானை வரவில்லை. அது எலிதான், மரபணுவைத் திருத்தி ரோமத்தை மாற்றியிருக்கிறார்கள். அந்த எலியைச் செய்த கம்பெனிதான் 2024 மார்ச்சில் ஆசிய யானையின் செல்லை ஸ்டெம் செல்லாக்கியதாக அறிவித்ததே, எனக்கு அதுதான் பெரிய செய்தி. யானையிடம் பி53 என்ற காவல் மரபணு சுமார் 20 பிரதி இருக்கிறது, நமக்கு ஒன்றுதான். ஒரு செல் திடீரென்று வேகமாகப் பெருகத் தொடங்கினால் பி53 அதைக் கட்டி என்று முடிவுகட்டி நிறுத்திவிடும், இல்லாவிட்டால் கொன்றேவிடும். நாங்கள் செய்கிற வேலையும் பார்வைக்குக் கட்டி போலத்தான் இருக்கிறது, அதனால் அந்தக் காவலை முதலில் அடக்கித்தான் யானை செல்லை வழிக்குக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் டைப் பண்ணி, அழித்துவிட்டு, “படம் நல்லாருக்கும்மா” என்று அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் 26-ஆம் தேதி.

மார்ச் 9, ஞாயிறு

மீடியா, அதாவது செல்களுக்கு ஊற்றும் சத்து நீர், மாற்றினேன். ஒன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். சாதாரண செல்லை ஸ்டெம் செல்லாக்க 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் யாமானாகாவும் தாகாஹாஷியும் 24 மரபணுக்களில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்து நான்கில் வந்து நின்றார்கள்: ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். எலியில் செய்தார்கள், அடுத்த வருஷமே மனிதனில். அப்புறம் குரங்கு, பன்றி, நாய், 2011-ல் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம், 2012-ல் பனிச்சிறுத்தை. காண்டாமிருக செல்லுக்குள் போட்டது மனித மரபணுக்களை, அது மறுக்கவில்லை. இத்தனை கோடி வருஷம் பிரிந்து வாழ்ந்த பிறகும் நான்கும் பொருந்துகிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

பிரச்சினை சாப்பாட்டில்தான். எலி செல்லுக்கு லிஃப் என்ற புரதம் ஊற்ற வேண்டும், மனித செல்லுக்கு எஃப்ஜிஎஃப் என்ற புரதம், நாய்க்கு இரண்டும். வௌவாலுக்கு? 2023-ல் குதிரைலாட வௌவாலில் செய்துகாட்டியவர்களும் வழக்கமான முறையை மாற்றித்தான் ஜெயித்தார்கள். எங்களுடையது வேறு இனம், அவர்கள் பட்டியலை அப்படியே ஊற்றினால் பாதி செத்துப்போகிறது.

அதைவிடப் பெரிய கவலை பன்றி. பன்றி செல்லில் வெளியிலிருந்து செலுத்திய மரபணு அடங்கவே மாட்டேன் என்கிறது. அது ஓடும்வரை ஸ்டெம் செல் மாதிரியே இருக்கும், நிறுத்தினால் கலைந்துவிடும். அப்படியானால் அது மாறியதா, பின்னாலிருந்து யாரோ தள்ளுவதால் நின்றதா? மரபணுக்களைச் செல்லுக்குள் கொண்டுபோக நாங்கள் எடுக்கும் சென்டாய் வைரஸில் ஒரு நிம்மதி, அது டிஎன்ஏவுக்குள் புகாது, செல் பிரியப்பிரியக் குறைந்து காணாமல் போகும். போன பிறகும் செல் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதாக இல்லை.

மார்ச் 20, வியாழன்

நேற்றிலிருந்து விடாத மழை, எம்ஆர்டி ரயில் முழுக்க ஈரக்குடை. டிஷ்ஷின் ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டம், உருண்டையாக, விளிம்பு பளிச்சென்று. யாரிடமும் சொல்லமாட்டேன், கண் படும்.

மார்ச் 21, வெள்ளி

கண் பட்டுவிட்டது, பக்கத்து பெஞ்சு பார்த்துவிட்டார். ஸ்டெம் செல்லைச் சிவப்பாகக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் சாயம் போட்டு உடனே பார்த்துவிடலாமே என்கிறார். பாதி மாறிய செல்லும் அதில் சிவக்கும். மாட்டேன் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மாவுடன் தேக்கா சந்தையில் மீன். போயும் போயும் ஏன் வௌவால் என்று கேட்டார். 7 கிராம்தான் எடை, 41 வருஷம் வாழ்ந்த ஒன்று சைபீரியாவில் இருந்தது என்றேன். வஞ்சிர மீனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “அதுக்கு இந்த வியாதியெல்லாம் வராதா?” என்றார். ரொம்பக் குறைவு என்கிறார்கள்மா. “ஏனாம்?” தெரிந்ததில் கொஞ்சம் சொன்னேன். “சரி, துண்டு போடச் சொல்லு.”

மார்ச் 26, புதன்

ரிப்போர்ட் தயாராகவில்லையாம். ஃபோனில் காத்திருக்கச் சொல்லி அதே பாட்டு, அதே குரல், அப்புறம் லைன் கட். அந்தப் பெண்ணிடம் கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது.

இன்று புதுத் தட்டுக்கு வைரஸ் போட வேண்டிய நாள். சி-மிக் தனிக் குப்பியில் வரும். ஃப்ரீசரைத் திறந்து, அதைப் பார்த்துவிட்டு, மூடிவிட்டேன். புற்றுநோயில் தறிகெட்டு ஓடுகிற அதே மரபணுதான், இத்தனை நாளும் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். ரயில் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்திய குடும்பங்கள், லேப்பில் நான் மட்டும். காலனியைப் பிரித்து வைத்த தட்டில் பாதி ஒட்டிப் பிடித்துவிட்டது, விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஆனால் பிசிஆரில் வைரஸ் இன்னும் தெரிகிறது. இன்னும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் அழைத்தார்கள். நாளை 9.40-க்கு நேரில் வரச் சொல்கிறார்கள், கூட ஒருவரை அழைத்து வாருங்கள் என்றும். அம்மா எந்தப் புடவை கட்டுவது என்று கேட்கிறார். மீடியா மாற்ற பக்கத்து பெஞ்சிடம் சொல்லியிருக்கிறேன், லிஃப் எவ்வளவு, எஃப்ஜிஎஃப் எவ்வளவு என்று தாளில் எழுதி இன்குபேட்டர் கதவில் ஒட்டினேன். சாயம் போடாதீர்கள் என்று அடியில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.