தாடை மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகும் முன்

"தாடை வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால், முதல் சந்திப்பு கேள்வி கேட்பதிலேயே முடிந்துவிடும். இந்த வலியைப் பெரும்பாலும் எக்ஸ்ரேவை விட, நாம் சொல்லும் விவரமும் டாக்டர் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பதும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் முடிந்தால் 2 வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தயாரிப்பில் முக்கால் பங்கு அதுதான்.

காலை வலி, மாலை வலி, இரண்டுக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண். எழுந்ததுமே கன்னமும் நெற்றிப்பொட்டும் இறுகி வலித்தால் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாகச் சந்தேகிக்கலாம். பொழுது சாயச் சாயக் கூடினால், பகலில் தெரியாமலே பல்லை இறுக்கி வைத்திருக்கலாம். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. மணிக்கொரு தடவை அலாரம் வைத்து, அந்த நொடியில் பல் தொட்டிருந்தால் ஒரு டிக் போடுங்கள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் பலருக்கும் திகைப்பாக இருக்கும்.

அடுத்தது வாய் திறக்கும் அளவு. கண்ணாடி முன் நின்று, கீழ் முன்பல் நுனியிலிருந்து மேல் முன்பல் நுனி வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். பல ஸ்கேல்களில் ஓரத்துக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி இருக்கும், ஓரத்தைப் பல்லில் வைத்தால் கணக்கு அவ்வளவு குறைந்துவிடும். வலி தொடங்கும் இடத்தில் ஓர் அளவு, தாங்கும் வரை திறந்து இன்னொன்று. வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் திறக்கும், தோராயமாகத் தன் விரல் மூன்று நுழையும்.

திறக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கம் ஒதுங்கி, 'டக்'கென்ற சத்தத்தோடு நடுவுக்கு வந்தால், மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் வட்டு விலகித் திரும்ப இடத்துக்கு வருவதாக இருக்கலாம். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படாது. ஆனால் சத்தம் நின்று, அதோடு வாயும் சரியாகத் திறக்காமல் போனால் வட்டு வழியை மறித்திருக்கலாம். சத்தம் நின்றதே, குணமாகிவிட்டது என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அந்தத் தேதியைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்ரே, ஏற்கெனவே போடும் நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் உறை), மருந்துச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். ஓபிஜி (தாடை முழுவதையும் ஒரே படத்தில் எடுக்கும் எக்ஸ்ரே) எலும்பைத்தான் காட்டும். வட்டைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் பல் கடிப்பைக் கூட்டலாம். சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்று வலி மாத்திரை போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்பதும் தேவை.

சில வலிகள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாதவை. நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், வியர்வையோடு தாடை வலித்தால் உடனே அவசர சிகிச்சை. 50 வயது தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலியும், புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை.

நாற்காலியில் சாய்ந்ததும், வெகுநேரம் வாயைத் திறந்து வைக்க முடியாது, கையைத் தூக்கினால் நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் கடி சரியில்லை, பல்லைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று முதல் நாளே பேச்சு வந்தால், அதற்கு முன் பயிற்சி, ஒத்தடம், ஸ்பிளின்ட் (நைட் கார்டு போலப் பல்லில் மாட்டும் உறை) பார்க்கலாமா என்று கேளுங்கள். தேய்த்த பல் திரும்ப வளராது.