அம்மப்பாட ஆமி ரெக்கோட்ஸ் தேடின கதை

அம்மப்பா ரெண்டாம் உலக யுத்தத்தில ஆமியில இருந்தவர் எண்டு எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும், ஆனா எந்த ஆமி, எங்க போனவர், என்ன வேலை செய்தவர் எண்டு கேட்டா ஆளுக்கொரு கதை. பெரியம்மா பர்மாவில சண்டை பிடிச்சவர் எண்டுவா, மாமா சிங்கப்பூர் எண்டு அடிச்சுச் சொல்லுவார், அம்மா தனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு குசினிக்குள்ள போயிடுவா. இப்ப சொந்தக்காரர், தெரிஞ்ச ஆக்கள் எண்டு கன பேர் எப்பிடித் தேடினது எண்டு கேக்கிறதால ஒருக்கா எழுதி வைப்பம் எண்டு நினைச்சன்.

முதல்ல பெயரை வைச்சுத் தேடத் தொடங்காதேங்கோ. ஆள் எந்த ஆமியில இருந்தவர் எண்டதைத்தான் முதல்ல பிடிக்கவேணும், ஏனெண்டா அதைப் பொறுத்துத்தான் பேப்பர் கொழும்பில கிடக்கா லண்டனில கிடக்கா எண்டதே தெரியவரும். அந்தக் காலத்தில இங்க சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் எண்டு ஒண்டு இருந்தது, 1910ல அந்தப் பெயர் வந்து 1949ல கலைச்சவை, அதுக்குள்ளதான் சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி, கரிசன் ஆர்ட்டிலரி, பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர் எல்லாம் வரும். அதை விட, இலங்கையில இருந்து நேரா பிரிட்டிஷ் ஆமிக்கே சேர்ந்து போனவையும் இருக்கினம், பயனியர் கோர் (ரோட்டுப் போடுறது, சாமான் இறக்கிறது மாதிரி வேலை செய்த படை), ரோயல் இன்ஜினியர்ஸ், ஆமி சேர்விஸ் கோர் எண்டு. வீட்டில ரெண்டையும் சேர்த்து "வெள்ளைக்காரன்ர ஆமி" எண்டு சொல்லி முடிச்சிடுவினம், ஆனா தேடப் போறவைக்கு ரெண்டும் ரெண்டு வழி.

எங்களுக்கு அதைக் காட்டித் தந்தது மெடல்தான். வெள்ளவத்தை வீட்டில அம்மாட அலுமாரிக்குள்ள ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்க மூண்டு மெடல் கிடந்தது, ரெண்டு ஆறு முனை ஸ்டார், ஒண்டு வட்டம். ஸ்டார் கறுத்துப் போயிருந்தது, துணியால துடைச்சா நடு வளையத்தில எழுத்துத் தெரிஞ்சுது, ஒண்டு 1939-45 ஸ்டார், மற்றது ஆப்பிரிக்கா ஸ்டார். ரிபன் மங்கிப் போயிருந்தாலும் மணல் கலர் பின்னணியில நடுவில தடிச்ச சிவப்புக் கோடு, ஒரு பக்கம் கடும் நீலம், மற்றப் பக்கம் வெளிர் நீலம் இருக்கிறது விளங்கிச்சுது. மணல் பாலைவனமாம், மற்றது தரைப்படை, கடற்படை, விமானப்படையாம். ஆப்பிரிக்கா ஸ்டார் குடுத்தது 1940 ஜூன் 10ல இருந்து 1943 மே 12 வரைக்கும் வட ஆப்பிரிக்காப் பக்கம் நிண்ட ஆக்களுக்கு. பர்மாவுக்குப் போயிருந்தா பர்மா ஸ்டார் எண்டு வேற ஒண்டு இருந்திருக்கும், அது ரின்னுக்க இல்லை. மாமாட சிங்கப்பூரும் அதோட சரி, ஆனா அவருக்கு அதைச் சொல்லப் போய் நான் வாங்கிக் கட்டினது வேற கதை.

மெடலைத் திருப்பிப் பாத்தா பெயர் இருக்கும் எண்டு நினைப்பீங்கள், இருக்காது. ரெண்டாம் யுத்தத்தில பிரிட்டிஷ் ஆமி குடுத்த மெடல்களில பெயர் வெட்டேல்லை, முதலாம் யுத்த மெடலெண்டா விளிம்பில நம்பரும் பெயரும் இருக்கும். அதால எங்களுக்கு நம்பர் வேற இடத்தில இருந்துதான் வரவேண்டியிருந்தது. நல்ல காலம், பெரியம்மா காணி உறுதிகளோட சேர்த்து வைச்சிருந்த கவருக்குள்ள அம்மப்பாட பே புக், அதாவது சம்பளப் புத்தகம், கிடந்தது, ஆமி புக் 64 எண்டு மேல அடிச்சிருக்கும், சேட் பொக்கெற்றுக்க அடங்கிற சைஸ். உள்ளுக்க ஆமி நம்பர், சேர்ந்த திகதி, பிறந்த திகதி, போட்ட தடுப்பூசி எல்லாம் மையால எழுதி சைன் வைச்சிருக்கு. கடைசிப் பக்கங்களில மரண சாசனம் எழுத ஒரு பக்கம் இருக்கு, அதில தன்ர எல்லாத்தையும் தன்ர அம்மாவுக்கு எண்டு எழுதியிருக்கிறார். அப்ப அவருக்கு 25 வயசு. அந்தப் பக்கத்தைப் பாத்திட்டு அம்மா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

அதிலதான் பயனியர் கோர் எண்டு இருந்தது. ரோயல் பயனியர் கோர் எண்டு தேடினா யுத்த காலத்துப் பேப்பர் கனக்கத் தட்டுப்படாது, ஏனெண்டா அந்த ரோயல் பட்டம் 1946லதான் குடுத்தவை.

இனி ஆளின்ர சொந்த ஃபைல். பிரிட்டிஷ் ஆமி ஆக்களின்ர ஃபைல்கள் முந்தி அங்கத்தைய பாதுகாப்பு அமைச்சிட்ட இருந்தது, 2022ல இருந்து லண்டனில கியூ எண்ட இடத்தில இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸுக்கு மாத்திக்கொண்டு வருகினம், கிட்டத்தட்ட 97 லட்சம் ஃபைல். ஆள் பிறந்து 115 வருஷம் ஆகேல்லை எண்டா அவர் இறந்ததுக்கு ஆதாரம் குடுக்கவேணும். அம்மப்பா பிறந்தது 1916, அதால மரண சேர்ட்டிஃபிக்கட் தேவைப்பட்டுது. எங்கட ஆக்களுக்குச் சிக்கல் வாறது இங்கதான். மரண சேர்ட்டிஃபிக்கட் யாழ்ப்பாணத்தில தமிழில எழுதினது, அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலீஷில எடுக்கவேணும். அதை எடுத்துப் பாத்தா பே புக்கில இருக்கிற பெயரும் இதில இருக்கிற பெயரும் ரெண்டு ஆள் மாதிரிக் கிடக்கு, ஏனெண்டா ஆமி கிளாக் தகப்பன்ர பெயரைத்தான் குடும்பப் பெயரா எடுத்து, அம்மப்பாட சொந்தப் பெயரை முன்னால போட்டு, அதையும் தனக்குக் கேட்ட மாதிரி எழுதியிருக்கிறார். பிறப்புச் சேர்ட்டிஃபிக்கட்டையும் ஒரு ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னால முடிச்ச சத்தியக்கடதாசியையும் சேர்த்து அனுப்பினம், ரெண்டு பெயரும் ஒராள்தான் எண்டு. நீங்களும் ஒன்லைனில தேடேக்க தகப்பன்ர பெயரிலயும் தேடுங்கோ, இனிஷியலை மாத்தியும் தேடுங்கோ, நம்பர் கையில இருந்தா அதுதான் எல்லாத்தையும் விடத் திறம்.

ஃபைலுக்குக் காத்திருக்கிற நேரத்தில யூனிட் டயரியைப் பிடிச்சம், உண்மையில எனக்கு அதுதான் பெரிய சந்தோசம். ஒவ்வொரு யூனிட்டும் மாதா மாதம் என்ன செய்தது எண்டு எழுதின வார் டயரி கியூவில இருக்கு, மிடில் ஈஸ்ட் பக்கம் நிண்டவை டபிள்யூ.ஓ. 169 எண்ட வரிசையில, இலங்கை, பர்மா பக்கம் 172ல. கன டயரி ஒன்லைனில இல்லை, கொப்பி எடுத்து அனுப்பச் சொன்னா காசு, ஆனா ஆள் நேர போனா ரீடர் டிக்கட் ஃப்ரீ, சொந்த ஃபோனால படம் எடுக்கிறதும் ஃப்ரீ. லண்டனில இருக்கிற பெரியம்மாட மகள் லீவு நாளில போய் ஒரு கட்டு முழுக்கப் படம் எடுத்து வாட்ஸப்பில அனுப்பினா. டைப் அடிச்ச மெல்லிசுத் தாள், இடைக்கிடை பென்சில். சண்டை எண்டு எதிர்பாத்தா ஏமாந்து போவீங்கள், துறைமுகத்தில கப்பல் சாமான் இறக்கினது, ரோட்டுப் போட்டது, பெற்றோல் டின் அடுக்கினது, மணல் புயலால வேலை நிண்டது, இத்தினை பேர் ஆஸ்பத்திரியில எண்டுதான் போகுது. சாதாரணச் சிப்பாய்மாரின்ர பெயர் அனேகமா வராது, ஒஃபிசர்மாரின்ர பெயர்தான். அம்மப்பா வயசு போன காலத்தில நாரி நோ எண்டு புலம்பினது சும்மா இல்லை.

சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ் ஆக்களின்ர வீட்டுக்காரர் கொழும்பிலயே தொடங்கலாம். ஃபிலிப் குணவர்தன மாவத்தையில இருக்கிற தேசிய சுவடிகள் கூடத்தில பழைய கெசட்டும் பேப்பர்களும் பாக்கலாம், ஒஃபிசர் எண்டா நியமனம் கெசட்டில வந்திருக்கும். 1942 ஏப்ரல் 5ல யப்பான்காரன் கொழும்புக்குக் குண்டு போட்ட நேரத்துப் பத்திரிகையைப் புரட்டினா அண்டைக்கு ஊர் எப்பிடி இருந்தது எண்டு விளங்கும். ஒரு விசயம் எனக்குச் சிரிப்பா இருந்தது: ஒழுங்கா வேலை செய்தவனுக்கு ஒரு வரி கூடக் கிடைக்காது, அதே வருஷம் மே மாதம் இந்து சமுத்திரத்தில இருக்கிற கோகோஸ் தீவில கரிசன் ஆர்ட்டிலரி ஆக்கள் கலகம் செய்தவை, அதுக்காக அவையில மூண்டு பேரை வெலிக்கடைச் சிறையில தூக்கில போட்டவை, அதைப் பற்றி இண்டைக்கும் எழுதிக்கொண்டு இருக்கினம்.

கொமன்வெல்த் வார் கிரேவ்ஸ் சைட்டில பெயர் இல்லை எண்டு கனபேர் கையை விடுகினம். அதில யுத்த காலத்திலயும் முடிஞ்ச கையோடயும் செத்த ஆக்கள்தான் இருப்பினம், ரெண்டாம் யுத்தத்துக்கு 1947 முடியும் மட்டும். உயிரோட வீட்டை வந்தவர் அதில இருக்கமாட்டார், அதால அதில இல்லாதது ஒண்டுக்கும் சாட்சி இல்லை.

இப்ப ஃபைல் விண்ணப்பம் கிடைச்சது எண்டு மெயில் வந்திருக்கு, மிச்சம் வரவேணும். 1944 டயரி இன்னும் பாக்கேல்லை, கொப்பிக்குக் காசு கட்டாமல் லண்டனில இருக்கிற அந்த அக்கா அடுத்த லீவில போய் எடுத்துத் தாறன் எண்டிருக்கிறா, கட்டு நம்பரை இப்பவே எழுதி அனுப்பிவிட்டிருக்கிறன்.