அரை மாத்திரையும் போன வருட எடையும்

என் பூனை பட்டுவுக்கு 11 வயது. திடீரென்று ஒரு நாள் மணல் தட்டே கதி என்று ஆகிவிட்டாள். போய் உட்காருவாள், நாலு சொட்டு வரும், அதிலும் ரத்தம். சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், 50 மி.கி. மாத்திரையில் பாதி, தினம் ஒரு வேளை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கச் சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்கும் அனுப்பினார்.

இரண்டு நாள் கொடுத்த பிறகுதான் சீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். எடை 5.1 கிலோ என்று இருந்தது. அது போன வருடம் தடுப்பூசி போட்டபோது எடுத்தது! இவளோ இப்போது தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன், அப்புறம் நான் மட்டும் ஏறிக் கழித்தேன். நம்பிக்கை வராமல் மூன்று தடவை. 3.9 கிலோதான்.

பூனைக்கு இந்த மருந்தின் உச்சவரம்பு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மி.கி. பழைய எடைக்கு 25 மி.கி. சரியாக வரும். இப்போதைய எடைக்கு அதே அரை மாத்திரை 6.4 ஆகிவிடுகிறது.

போன் செய்தேன். டாக்டர் மழுப்பவில்லை, எடை பார்க்காதது தவறு என்று ஒப்புக்கொண்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நாய்க்கு இதே மருந்தைக் கிலோவுக்கு 20 மி.கி. வரைகூடக் கொடுப்பார்களாம். பூனையின் கண்ணில்தான் சிக்கல். மருந்து விழித்திரைக்குள் சேராமல் வெளியே தள்ளும் புரதம் பூனைக்குச் சரியாக வேலை செய்யாது. உள்ளே தங்கிய மருந்து வெளிச்சம் பட்டு விழித்திரையைக் கெடுக்கும், பார்வையே போகலாம். வயதான பூனை, சிறுநீரகம் பலவீனமான பூனை என்றால் ஆபத்து இன்னும் கூடுதல்.

அன்று முழுக்க அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஜன்னலோரம் உட்கார வைத்தேன், கண்மணி கோடாகச் சுருங்கியது. அப்புறம் அவர் சொன்னபடி ஒரு பஞ்சு உருண்டையை முகத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் விழவிட்டேன். தலை அதோடு கீழே போனது. இரண்டாவது உருண்டையைக் காலால் அடித்தே விட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் கல்ச்சர் முடிவு வந்ததும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மாற்றினார். 62.5 மி.கி., தினம் இரண்டு வேளை. இப்போதுதான் சூடுபட்ட பூனை நான். உடனே கணக்குப் போட்டேன், கிலோவுக்கு 16 வந்தது. வழக்கமாகச் சொல்வது 12.5 ஆயிற்றே என்று மறுபடி போன். அவர் சிரித்தார். பூனைக்கு ஒரு வேளைக்கு 62.5 என்பதே இதற்கு வழக்கமான அளவாம். இந்த மருந்தில் சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவே இடைவெளி தாராளம், கொஞ்சம் கூடினால் பெரும்பாலும் வாந்தியோ வயிற்றுப்போக்கோதான் வரும் என்றார். அதுவரை ஆன்டிபயாடிக் என்றால் எல்லாம் ஒரே ரகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாத்திரை உள்ளே போனதும் சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டு புண்ணாக்குமாம், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அதில் ரொம்ப மோசம். மாத்திரையைவிடத் தண்ணீருக்குத்தான் அவள் அதிகம் பிராண்டினாள்.

எடை ஏன் குறைந்தது என்பது தனிக் கதை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு என்று தெரிந்தது. இப்போது 4.3 கிலோ, மாதம் ஒரு தடவை மெஷினில் ஏறுகிறோம்.