மேட்டுப்பாளையத்துக்கு அரை மணிக்கொரு ரயில்: முதலில் எதைக் கட்டுவது?

கோவை–மேட்டுப்பாளையம் மெமு (உள்ளூர் மின்சார ரயில்) அடிக்கடி ஓட வேண்டும் என்று யார் பேசினாலும், அடுத்த வார்த்தை இரட்டைப் பாதைதான். அதைக் கேட்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சுமார் 36 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை. ஒரு நடைக்கு 45 நிமிடம், இரு முனைகளிலும் நின்று திரும்பத் தலா 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ரேக் (ஒரு முழு ரயில் தொடர்) சுற்றிவர 120 நிமிடம். இரண்டு ரேக் இருந்தால் மணிக்கொரு ரயில், நான்கு இருந்தால் அரை மணிக்கொன்று.

அடுத்து, எதிரெதிர் ரயில்கள் எங்கே சந்திக்கும்? இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பினால், மணிக்கொரு ரயிலுக்கு நடுவழியில் ஒரே ஒரு கிராசிங் (எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும் இடம்) போதும். அரை மணிக்கொன்று என்றால் மூன்று: 7½, 22½, 37½ நிமிட ஓட்டத்தில். ஒரு ரயில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடும் பக்கத் தண்டவாளமான லூப் லைன் வேண்டியது அங்கேதான். நிலம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று வேறெங்காவது போட்டால், ஒவ்வொரு கிராசிங்கிலும் ஏதோ ஒரு ரயில் காத்துக் கிடக்கும். மூன்று நிமிடம் வீதம் மூன்று இடத்தில் போனாலே 45 நிமிட நடை 54 ஆகிவிடும். முனையில் திரும்ப மிஞ்சுவது 6 நிமிடம். ரயிலைத் திருப்பி ஓட்ட, அதற்குள் 12 பெட்டி மெமுவில் லோகோ பைலட் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 250 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஒரு ரயில் தாமதமானால் நாள் முழுக்க அந்தத் தாமதம் தொடரும். ஐந்தாவது ரேக் இல்லாமல் தீராது.

என் கருத்தில், சரியான இடத்தில் இரண்டு மூன்று லூப் போடுவதே முதல் வேலை. இரட்டைப் பாதை போட்டாலும் அந்த லூப்கள் வீணாகாது. இதில் நீலகிரி எக்ஸ்பிரஸை மட்டும் நகர்த்த முடியாது, காலை 7.10 மலை ரயிலைப் பிடிக்க அதில் ஆட்கள் வருகிறார்கள். அதை முதலில் குறித்துவிட்டு மெமுவை அதைச் சுற்றி அமைக்க வேண்டும்.

உண்மையான நெருக்கடி கோவை ஜங்ஷனில். கோவை வடக்கில் மெயின் லைனோடு சேர்கிற மெமு, ஜங்ஷன் பிளாட்பாரத்தில் 15 நிமிடம் நின்று திரும்பினால் நீண்டதூர ரயில்கள் வெளியே காத்திருக்கும். போத்தனூர் வரை ஓட்டி அங்கே திருப்பினால் ஜங்ஷனில் இரண்டு மூன்று நிமிடம் போதும். சுற்று நேரம் கூடும் என்பதால் ரேக் கணக்கையும் கிராசிங் இடங்களையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ரயில்வே கேட்டுகளைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களையும் சாலை வாகனங்களையும் பெருக்கினால் வருவது டிவியு. அது 1 லட்சத்தைத் தொட்டால்தான் மேம்பாலச் செலவை ரயில்வே மாநில அரசோடு பகிர்ந்துகொள்வது வழக்கம். 3,500 வாகனம் போகிற கேட்டில் 20 ரயில் ஓடினால் 70,000. ரயிலை 40 ஆக்கினால் 1.4 லட்சம். பாலம் கேட்கும் மனுவை இன்றைய எண்ணிக்கையை வைத்து எழுதாமல், ஓடப்போகும் ரயில்களைக் கணக்கிட்டு இப்போதே எழுத வேண்டும்.