பேக் கவருக்கு அடியில எட்டு பேட்: பேர் தெரியாத ஒரு போர்ட்டை படிச்ச அனுபவம்

தம்பியோட போன்ல சார்ஜிங் போர்ட் பிஞ்சு வந்துடுச்சு. போர்ட் மட்டும் போயிருந்தா வேற ஒண்ணு வாங்கி சால்டர் பண்ணியிருப்பேன், ஆனா கேபிளோட சேர்த்து இழுத்ததுல போர்டுல இருந்த காப்பர் பேடும் (சால்டர் ஒட்டற சின்ன தகடு) டிராக்கும் (கரண்ட் போற காப்பர் கோடு) சேர்ந்து உரிஞ்சுடுச்சு, அஞ்சு பின்ல மூணு பின்னுக்கு ஒட்ட இடமே இல்ல. மத்தபடி டிஸ்ப்ளே, கேமரா, டச் எல்லாம் நல்லா இருக்கு. நல்லா ஓடுற ஒரு போனை ஒரு ஓட்டைக்காக தூக்கிப் போட எனக்கு மனசு வரல. முதல் வேலையா உள்ள இருந்த போட்டோ, வீடியோ எல்லாத்தையும் வைஃபை வழியா லேப்டாப்புக்கு ஏத்திட்டேன், இனிமே என்ன ஆனாலும் போர்டு மட்டும்தான் போகும்னு ஒரு தைரியத்துக்கு. பேட்டரி கழட்டுற மாடல்ங்கறதால கிளிப் சார்ஜர்ல தனியா போட்டு சமாளிச்சோம்.

பேக் கவரை கழட்டி பேட்டரியை எடுத்தப்பதான் அதை கவனிச்சேன், பேட்டரிக்கு பக்கத்துல பிளாஸ்டிக்ல ஒரு நீள்சதுர ஜன்னல் வெட்டி, அதுக்குள்ள வரிசையா எட்டு தங்கமுலாம் பேட். வெர்னியர்ல அளந்தா ஒரு பேட்டுக்கும் அடுத்த பேட்டுக்கும் 2 மில்லிமீட்டர். மேனுவல்ல அதைப் பத்தி ஒரு வரி கிடையாது, இந்த மாடலுக்கு ஸ்கீமாட்டிக்கும் (சர்க்யூட் வரைபடம்) எங்கயும் கிடைக்கல. ஆனா சும்மா யாரும் பிளாஸ்டிக்கை வெட்டி ஜன்னல் விட மாட்டாங்க. ஃபேக்டரியில போனை ஒரு ஜிக்ல வச்சு, ஸ்பிரிங் வச்ச போகோ பின்னை இந்த பேட் மேல அமுக்கி, பவர் கொடுத்து, சாஃப்ட்வேர் ஏத்தி, டெஸ்ட் பண்ணி அனுப்புவாங்க. அப்படின்னா இந்த எட்டுக்குள்ள யுஎஸ்பி இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதுதான் எனக்கு வேணும்.

பைன்ஃபோன்னு ஒரு லினக்ஸ் போன் இருக்கு, அதுல பேக் கவருக்கு அடியில இதே மாதிரி ஆறு பின், எது கிரவுண்ட் (மைனஸ்), எது ஐ2சி (சிப்புகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற லைன்), எது 5 வோல்ட்னு ஸ்கீமாட்டிக்கோட வெளிப்படையா போட்டுட்டாங்க, அதை நம்பி கீபோர்டு கேஸ் வரைக்கும் வந்துச்சு. நெக்ஸஸ் 4ல ஹெட்போன் ஜாக்குக்குள்ளயே சீரியல் கன்சோல் (போன் உள்ள என்ன பண்ணுதுன்னு எழுத்தா வெளிய அனுப்பற லைன்) ஒளிஞ்சிருந்துச்சு, மைக் பின்ல குறிப்பிட்ட வோல்டேஜ் கொடுத்தா ஆடியோ போய் சீரியல் வந்துடும். நிறைய கம்பெனிகள் இப்படி ஒரு வழி வச்சிருக்காங்க, எழுதி வைக்கறவங்கதான் கம்மி. காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்ங்கறது என்னோட உறுதியான அபிப்ராயம்.

முதல் நாள் பவரே கொடுக்கல. பேட்டரியை கழட்டி வச்சுட்டு மல்டிமீட்டரை கன்டினியூட்டில (ரெண்டு முனைக்கும் இணைப்பு இருந்தா பீப் அடிக்கற மோடு) போட்டு, ஒரு புரோபை ஷீல்டு தகரத்து மேல வச்சு ஒவ்வொரு பேடா தொட்டேன், நாலாவது பேட் மட்டும் பீப் அடிச்சுது, அது கிரவுண்ட். எட்டாவது பேட் பேட்டரி கனெக்டரோட பிளஸ்ஸோட பீப் அடிச்சுது. ஒண்ணாவது பேட், பிஞ்சு போன போர்ட்டுக்கு பக்கத்துல நிக்கற கெபாசிட்டரோட ஒரு முனையோட பீப் அடிச்சப்ப எனக்கு உண்மையிலேயே கை நடுங்கிச்சு, ஏன்னா அந்த கெபாசிட்டர் போர்ட்டோட 5 வோல்ட் லைன்ல நிக்கற கெபாசிட்டர், அதாவது சார்ஜ் போற பாதை உயிரோட இந்த பேட் வரைக்கும் வந்திருக்கு.

மிச்சம் அஞ்சு பேட். இங்கதான் டயோடு மோடு கை கொடுக்கும், போன் ரிப்பேர் பண்றவங்க தினமும் பண்ற வேலைதான் இது. சிவப்பு புரோபை கிரவுண்ட்ல வச்சு கறுப்பு புரோபை பேட்ல வைக்கணும், வழக்கமா வைக்கறதுக்கு உல்டா. ஐசியோட பின்களுக்குள்ள பெரும்பாலும் கிரவுண்டுக்கு ஒரு பாதுகாப்பு டயோடு (ஒரே திசையில கரண்ட் விடற பாகம்) இருக்கும், மீட்டர் அதோட வோல்டேஜ் டிராப்பை காட்டும். தனித்தனியா அந்த நம்பருக்கு பெருசா அர்த்தம் இல்ல, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டா நிறைய சொல்லும். ரெண்டாவது பேட் 0.452, மூணாவது 0.453. அஞ்சாவது 0.561, ஆறாவது 0.558. ஏழாவது 0.604. ரெண்டும் மூணும் ஒரே மாதிரி சர்க்யூட்டுக்குள்ள போற இரட்டை, அதுவும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு, யுஎஸ்பி டேட்டா லைன் ரெண்டும் அதுவாத்தான் இருக்கணும். அஞ்சும் ஆறும் இன்னொரு ஜோடி. ஏழு தனி ஆளு.

அடுத்த நாள் பேட்டரி போட்டு ஆன் பண்ணி வோல்டேஜ் பார்த்தேன். எட்டாவது பேட்ல நேரா பேட்டரி வோல்டேஜ் 3.9 நிக்குது, பக்கத்துலயே ஏழாவது, நடுவுல ரொம்ப கொஞ்ச இடம், புரோப் ஒரு தடவை வழுக்கி அங்கயும் இங்கயும் தொட்டு போன் டப்புன்னு அணைஞ்சுடுச்சு. திரும்ப ஆன் ஆச்சு, ஆனா அந்த ஒரு நிமிஷம் மறக்காது. அதுக்கப்புறம் எட்டாவது பேட் மேல கேப்டன் டேப் (சூடு தாங்கற இன்சுலேஷன் டேப்) ஒட்டிட்டேன், புரோப் முனைக்கும் ஸ்லீவ் மாட்டி ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளிய தெரியற மாதிரி வச்சுக்கிட்டேன். நீங்க பண்றதா இருந்தா இதை முதல்லயே பண்ணிடுங்க.

அஞ்சு, ஆறு, ஏழு மூணுலயும் 1.8 வோல்ட். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது ஹை-ல தான் நிக்கும், பேசும்போது மட்டும் கீழ கீழ இறங்கி ஏறும், மீட்டரால அந்த வேகத்தை பிடிக்க முடியாது, ஆனா சராசரி குறையறது தெரியும். அதனால போனை ஆஃப் பண்ணி, நான் புரோபை அசையாம பிடிச்சுக்க, தம்பியை மீட்டரை பார்க்கச் சொல்லி பவர் பட்டனை அமுக்கினேன். ஆறாவது பேட்ல ஒண்ணும் இல்ல, ஏழாவதுலயும் இல்ல. அஞ்சாவதுல வச்சப்ப "அக்கா, 1.5க்கு இறங்குது, இல்ல இல்ல, திரும்ப ஏறிடுச்சு, மறுபடி இறங்குது"ன்னு கத்தினான். "டேய் மீட்டரை ஆட்டாம சொல்லுடா"ன்னேன். மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம், மூணு தடவையும் பூட் ஆகற அந்த சில செகண்டுல மட்டும் அதே ஆட்டம். போன் அங்க ஏதோ பேசிட்டு இருக்கு.

அடுத்த ரெண்டு ராத்திரி வீணாப் போச்சு, அதை விரிவாவே சொல்றேன் ஏன்னா இதுல நிறைய பேர் மாட்டுவாங்க. எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ்னு போட்டு விக்கற சின்ன லாஜிக் அனலைசர் (லைன் ஏறி இறங்கறதை பதிவு பண்ற கருவி) என்கிட்ட இருக்கு, பல்ஸ்வியூங்கற சாஃப்ட்வேர்ல ஓடும். மெல்லிசான எனாமல் கம்பியை அஞ்சாவது பேட்ல சால்டர் பண்ணி அதுல கனெக்ட் பண்ணினேன். ஒரே நேர்கோடு. சில சமயம் நடுவுல அர்த்தமில்லாத கிறுக்கல். கம்பியை மாத்தினேன், சால்டரை மாத்தினேன், பேட் செத்துடுச்சோன்னு கூட நினைச்சேன். கடைசியில அந்த அனலைசருக்குள்ள இருக்கற சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சிப்போட டேட்டாஷீட்டை திறந்து பார்த்தா, ஹைன்னு நிச்சயமா எடுத்துக்க குறைஞ்சது 2.0 வோல்ட் வேணும்னு போட்டிருக்கு. போன் கொடுக்கறது 1.8. அது பேசினது அனலைசர் காதுல ஒழுங்கா விழவே இல்ல. லெவல் ஷிஃப்டர் (சிக்னலோட வோல்டேஜை மாத்திக் கொடுக்கறது) ஒண்ணு, ஒரு பக்கம் 1.8, இன்னொரு பக்கம் 3.3 கொடுத்து நடுவுல வச்ச உடனே திரை நிறைய பல்ஸ். ஷிஃப்டர் எடுக்கும்போதும் பார்த்து எடுங்க, ஒத்தை மாஸ்ஃபெட் வச்ச சின்ன போர்டு 3.3க்கும் 5க்கும் நடுவுல நல்லா ஓடும், 1.8க்கு நம்ப முடியாது, டேட்டாஷீட்ல ஒரு பக்கம் 1.8 தாங்கும்னு எழுதியிருக்கற ஐசியா எடுங்க.

பல்ஸ் கிடைச்சுட்டா பாட் ரேட் (ஒரு செகண்டுக்கு எத்தனை பிட்ங்கற வேகம்) கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்ல. இருக்கறதுலயே குறுகலான பல்ஸை தேடி அகலத்தை அளக்கணும், அதுதான் ஒரு பிட். ஆரம்பத்துல வந்தது 8.68 மைக்ரோசெகண்ட், ஒரு செகண்டை அதால வகுத்தா 115200. கொஞ்சம் தள்ளி திடீர்னு எல்லாம் நெருக்கமாயிடுச்சு, 1.085 மைக்ரோசெகண்ட், அது 921600. மீடியாடெக் சிப்புள்ள போன்கள்ல இப்படி நடக்கறது உண்டு, முதல்ல மெதுவா பேசும், அப்புறம் வேகம் மாறும். இந்த போனும் மீடியாடெக்தான்.

அடுத்து யுஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர். இங்க ஒரே ஒரு விஷயத்துல கறாரா இருங்க, 3.3 வோல்ட் கன்வர்ட்டரோட டிஎக்ஸ்ஸை (அனுப்பற பின்) 1.8 வோல்ட் பின்ல நேரா கொடுக்காதீங்க, பிராசஸரோட பின்னே போயிடும். கேக்கறதுக்கு ஆர்எக்ஸ்ஸும் (வாங்கற பின்) கிரவுண்டும் போதும், பேசறதை கடைசிக்கு வச்சுக்கலாம். என்கிட்ட இருந்த எஃப்டி232ஆர் போர்டுல ஐஓ வோல்டேஜுக்கு தனி பின் இருக்கு, அது 1.8 வரைக்கும் இறங்கும், ரெகுலேட்டர்ல இருந்து 1.8 கொடுத்தேன். டெர்மினலை 115200ல திறந்து பவர் பட்டனை அமுக்கினதும் வரி வரியா எழுத்து ஓட ஆரம்பிச்சுது, மெமரி இனிஷியலைஸ் ஆகறது, பேட்டரி வோல்டேஜ், எதனால ஆன் ஆச்சுங்கற காரணம். சுத்தமான எழுத்து. யாருக்கும் காட்டாம இத்தனை நாளா ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் இதை அது சொல்லிட்டே இருந்திருக்கு. பாதியில குப்பையா மாறும், அப்ப 921600க்கு மாத்தினா பூட்லோடர் (சிஸ்டத்தை கிளப்பி விடற சாஃப்ட்வேர்) பேசறது தெரியும், ஆனா கெர்னல் (ஆண்ட்ராய்டோட மையப் பகுதி) ஆரம்பிச்ச உடனே மௌனம். பூட்லோடர் கெர்னலுக்கு கொடுத்து அனுப்பற ஆப்ஷன்கள்ல பிரிண்ட்கே டாட் டிஸேபிள் யூஆர்ட் ஈக்வல் டு 1னு ஒண்ணு அதே லாக்ல இருந்துச்சு, வேணும்னே வாயை கட்டி விட்டிருக்காங்க.

இப்ப முக்கியமான வேலை, யுஎஸ்பி. பழைய கேபிள் ஒண்ணை வெட்டி சிவப்பை ஒண்ணாவது பேட்லயும் கறுப்பை நாலாவதுலயும் சால்டர் பண்ணினேன். யுஎஸ்பியோட வழக்கமான வரிசை 5 வோல்ட், டி மைனஸ், டி பிளஸ், கிரவுண்ட், அதையே நம்பி வெள்ளையை ரெண்டாவதுலயும் பச்சையை மூணாவதுலயும் வச்சேன். சொருகுறதுக்கு முன்னாடி சிவப்புக்கும் கறுப்புக்கும் ஷார்ட் இல்லைன்னு மறுபடி மீட்டர்ல பார்த்துட்டு லேப்டாப்புல சொருகினேன். சார்ஜ் சிம்பள் வந்துடுச்சு! தம்பி போனை கையில வாங்கி அந்த சிம்பளையே பார்த்துட்டு இருந்தான். ஆனா லேப்டாப் போனை அடையாளம் காணல, எரர் மேல எரர். லினக்ஸ் லாக்ல ஒரு வார்த்தை கண்ணுல பட்டுச்சு, புது லோ ஸ்பீடு டிவைஸ்னு. லோ ஸ்பீடுங்கறது பழைய மவுஸ், கீபோர்டுக்கான வேகம், போன் எதுக்கு அப்படி சொல்லணும்? யுஎஸ்பியில வேகத்தை சொல்றதே எந்த கம்பியில புல் அப் (லைனை ஹை-க்கு இழுத்து வைக்கற ரெசிஸ்டர்) இருக்குங்கறதை வச்சுதான், டி பிளஸ்ல இருந்தா ஃபுல் ஸ்பீடு, டி மைனஸ்ல இருந்தா லோ ஸ்பீடு. அப்ப ரெண்டு கம்பியும் இடம் மாறி இருக்கு, லாக்லயே விடை இருக்கு. பச்சையையும் வெள்ளையையும் மாத்தி ஒட்டினேன், கம்பியை ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல விடாம ஒண்ணோட ஒண்ணு முறுக்கி வச்சேன், ஏன்னா 480 மெகாபிட் போற லைன் அது, நீளமா தளர்வா விட்டா நடுவுல அறுந்து அறுந்து வரும். இந்த தடவை ஹை ஸ்பீடு டிவைஸ்னு வந்து, ஸ்கிரீன்ல ஃபைல் டிரான்ஸ்ஃபரை தொட்டதும் ஃபோல்டர் திறந்துச்சு.

யுஎஸ்பி வந்ததால இன்னொரு கதவும் திறந்துச்சு, ஃபாஸ்ட்பூட்ல (யுஎஸ்பி வழியா பூட்லோடருக்கு கமாண்ட் கொடுக்கற மோடு) "ஓஇஎம் பி2யு ஆன்"னு ஒரு கமாண்ட், மீடியாடெக் பூட்லோடர்ல கெர்னல் லாக்கை சீரியலுக்கு திருப்பி விடற கமாண்ட் அது. இந்த போன் ஏத்துக்கிச்சு, அதுக்கப்புறம் கெர்னலும் பேச ஆரம்பிச்சுது.

ஏழாவது பேட் என்னன்னு கடைசியா பார்த்தேன். போனை ஆஃப் பண்ணி, அந்த பேட்டை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா கிரவுண்டோட சேர்த்து பிடிச்சுக்கிட்டு யுஎஸ்பியை சொருகினேன். வழக்கமா ஆன் ஆகும்போது ரெண்டு செகண்டு பிரீலோடர் (பூட்லோடருக்கு முன்னாடி ஓடுற சாஃப்ட்வேர்) போர்ட் லேப்டாப்புல வந்துட்டுப் போகும், புராடக்ட் ஐடி 2000. இப்ப வந்தது 0003, அது சிப்புக்குள்ளயே பதிஞ்சிருக்கற பூட் ரோமோட (ROM) ஐடி. அப்ப இது கேகால்0ங்கற கீபேட் லைன், ஆன் ஆகும்போது இதை கிரவுண்ட் பண்ணினா போன் நேரா டவுன்லோடு மோடுக்குப் போகும், சாஃப்ட்வேர் கெட்டுப்போன போனை எழுப்ப ஃபேக்டரியிலயும் சர்வீஸ்லயும் இதைத்தான் பிடிப்பாங்க. இதைப் படிச்சுட்டு லாக் ஆன போன்ல இருந்து போட்டோ எடுத்துடலாம்னு யாரும் கிளம்ப வேண்டாம், இப்ப வர்ற போன்கள்ல ஸ்டோரேஜ் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும், சிப்புல இருந்து அப்படியே படிச்சாலும் புரியாத குவியல்தான் கையில கிடைக்கும்.

இப்ப பேக் கவர் ஓரத்துல சின்னதா ஒரு துளை போட்டு கேபிளை வெளிய எடுத்து, இழுத்தா பேட்ல விசை விழாத மாதிரி உள்ள முடிச்சு போட்டு பசை வச்சுட்டேன், தம்பி தினமும் அதுலதான் சார்ஜ் போடறான். கவருக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எட்டு பேட்டுக்கும் பேர் எழுதி வச்சிருக்கேன். ஏழு பேர் பேனாவுல. ஆறாவதை மட்டும் பென்சில்ல ஆர்எக்ஸ்னு எழுதி கேள்விக்குறி போட்டிருக்கேன், அஞ்சாவதோட ஜோடிங்கறதால அதுவாத்தான் இருக்கணும், ஆனா நான் 1.8 வோல்ட்ல அனுப்பின எதுக்கும் அது இன்னும் பதில் சொல்லல.