பகல் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கூரியர் வேலையில் பார்சல் தூக்குவதோ வெயிலில் அலைவதோ பழகிவிடும். ‘கையெழுத்து கட்டாயம்’ என்று முத்திரை குத்திய கவரோடு பூட்டிய வீட்டு வாசலில் நிற்பது மட்டும் பழகுவதில்லை. வீட்டுக்காரருக்கும் அதே அவஸ்தைதான். சாயங்காலம் களைத்து வருபவரின் போனில் ‘வந்தோம், ஆள் இல்லை’ என்று ஒரு செய்தி கிடக்கும். நான் புதுச்சேரியில் டெலிவரி பையனாகச் சேர்ந்து, பிறகு சொந்த ஊரான கடலூருக்கு மாறி, இப்போது ஒரு கிளையைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் நேரில் வாங்கியவன் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

முதலில் எங்கள் காலை எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். பார்சல்கள் சேரும் பெரிய மையமான ஹப்பிலிருந்து வண்டி வந்ததும் மூட்டையைப் பிரித்துக் கொட்டுவோம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி. எனும் பழைய நகரம், செம்மண்டலம் என்று ஏரியாவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, யார் எதைக் கொண்டுபோகிறார் என்ற பட்டியலான ரன் ஷீட் போட்டு, பையன்கள் வண்டியில் பை மாட்டுவதற்குள் பத்து மணி ஆகிவிடும். டெலிவரி ஆகாததையும் வசூலான பணத்தையும் ஆறு மணிவாக்கில் கிளையில் ஒப்படைத்துக் கணக்கு முடிக்க வேண்டும். அதாவது, ஊர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு நாங்கள் கிளம்புகிறோம். ஊர் வீடு திரும்பும்போது நாங்கள் கடையைக் கட்டுகிறோம். இதில் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. பகலில் வீட்டில் ஒருவர் இருந்தே தீருவார் என்று நினைத்து யாரோ போட்ட நேரம் இது. வீடுகள் மாறி வெகுகாலம் ஆகிவிட்டது, நேரம் மட்டும் மாறவில்லை.

கடலூரில் இது இன்னும் மோசம். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஷிப்ட்காரர்கள். காலை ஷிப்ட் போனவர் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வருவார். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் பதினொரு மணிக்கு அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பார், போன் சைலன்ட்டில் இருக்கும். பையன் மூன்று தரம் மணி அடித்துப் பார்த்துவிட்டு ‘டோர் லாக்’ என்று போட்டுவிட்டு வருவான். மாலையில் அவர் கிளைக்கு வந்து, “நான் வீட்டிலேயேதாங்க இருந்தேன், எப்படி லாக்னு போடுவீங்க?” என்று கேட்பார். அவர் சொல்வதும் உண்மை, பையன் போட்டதும் பொய்யில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டியவன் நான்.

தேவனாம்பட்டினம் பக்கம் வேறு மாதிரி. ஆண்கள் விடியும் முன்னே கடலுக்குப் போயிருப்பார்கள், பெண்கள் மீன் கூடையோடு மார்க்கெட்டில் இருப்பார்கள். பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் பள்ளிக்குப் போகாத குழந்தைகளும் ரொம்ப வயதானவர்களும்தான். குழந்தையிடம் ஏ.டி.எம். கார்டு கவரைக் கொடுக்க முடியாது. பெரியவர்களிடம் கொடுக்கலாம் என்றால் கையெழுத்துக்கு எங்கே போவது? பி.ஓ.டி. என்னும் டெலிவரி அத்தாட்சியைக் காகிதத்தில் வாங்கிய காலத்தில் என் பையில் ஒரு சின்ன மைப்பெட்டி எப்போதும் இருக்கும். கைநாட்டு வாங்கி, பக்கத்தில் பெயரை எழுதிக்கொள்வேன், அது செல்லும். இப்போது போன் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்கிறது செயலி. கைநாட்டுக்கு அதில் இடமில்லை. உப்பிலும் வலையிலும் காய்த்துப்போன விரலை அந்தக் கண்ணாடி சரியாக எடுத்துக்கொள்வதுமில்லை. ஒரு பாட்டி நாலு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, தன் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தார், ஏதோ தன்மேல்தான் குற்றம் என்பதுபோல. கடைசியில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைத்தான் நாங்கள் ‘வாங்கியவர் கையெழுத்து’ என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினோம். அந்தக் கோட்டை வைத்து யார் எதை நிரூபிக்க முடியும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

புதுச்சேரியில் வேலை பார்த்தபோது குருசுக்குப்பம், முத்தியால்பேட்டை பக்கம் எனக்கு ரவுண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்களை அங்கே ‘சொல்தா வீடு’ என்பார்கள். அப்படி ஒரு வீட்டில் தனியாக இருந்த வயதான அம்மாவுக்குப் பிரான்சிலிருந்து காகிதங்கள் வரும். பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் சான்று அனுப்ப வேண்டும். அது போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அதனால் அந்தக் கவர்கள் அவருக்கு உயிர். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, தன் பேனாவைத்தான் எடுப்பார், என் பேனாவைத் தொட மாட்டார். சாய்ந்த பிரெஞ்சு எழுத்தில் முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு வளைவு இழுத்து முடிப்பார். அவசரத்தில் இருந்தாலும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கும். திரையில் விரலால் போடச் சொன்ன முதல் நாள், “தம்பி, இதுல என் கையெழுத்து வராது, பேப்பர் கொண்டா” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். கையெழுத்துக்கு மதிப்புக் கொடுப்பவர் அவர்தான், கேட்கிற நாங்கள் இல்லை.

சரி, கையெழுத்தே எதற்கு? அனுப்பியவருக்கு ஒரு அத்தாட்சி வேண்டும். செல்போன், ஏ.டி.எம். கார்டு, கல்லூரிச் சான்றிதழ், வக்கீல் நோட்டீஸ் இவற்றுக்கெல்லாம் அது தேவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வருடக் கடைசியில் அனுப்பும் காலண்டருக்கும், நகைக்கடை விளம்பரப் புத்தகத்துக்கும் கையெழுத்து கேட்கிறார்கள். பையன் அதற்காக நாலு மாடி ஏறுகிறான். கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் அவனுக்குக் காசு. திரும்பி வருவதற்குப் பெட்ரோல்தான் போகும். காலண்டருக்கும் கடன் அட்டைக்கும் ஒரே விதி வைத்தால், அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே அலட்சியம்தான் வரும். என்னைக் கேட்டால், கட்டாயக் கையெழுத்தை உண்மையிலேயே தேவைப்படும் நாலைந்து வகைக்கு மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும்.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது எங்கள் கம்பெனி கையெழுத்தை மொத்தமாக நிறுத்திவைத்தது. வாசலில் வைத்து, தள்ளி நின்று பெயர் கேட்டுக்கொண்டு, ஒரு போட்டோ எடுத்தால் போதும். அந்த மாதங்களில் எங்கள் கிளைக்குக் காணாமல் போன பார்சல் என்று பெரிதாகப் புகார் வரவில்லை. அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் பழையபடி திரும்பியதுதான் எனக்கு வருத்தம்.

நோட்டீஸ் விஷயத்தை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். “வக்கீல் ஆபீஸ் கவரா? வேணாம் தம்பி, ஆள் இல்லைன்னு எழுதிடு” என்பார்கள். கையெழுத்து போடாவிட்டால் வழக்கு நம்மைத் தொடாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் ஊறிக்கிடக்கிறது. அது தவறு. ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் என்று வக்கீல்கள் சொல்லும் 1897-ஆம் வருடச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, சரியான முகவரி எழுதி, தபால்செலவு கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் அது சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். சேரவில்லை என்று நிரூபிப்பது வாங்க வேண்டியவர் பொறுப்பு. செக் பவுன்ஸ் வழக்கில் நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வாங்க மறுத்தாலும், வீடு பூட்டியிருந்தது என்று திரும்பினாலும் அந்த நோட்டீஸ் சேர்ந்ததாகக் கருதலாம் என்பது 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலும் இருக்கிறது. நிஜமாகவே நோட்டீஸ் கைக்கு வராதவருக்கு, கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று அதே தீர்ப்பு ஒரு வழி விட்டது. ஆகவே கவரைத் தவிர்த்து லாபம் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே தவிர்ப்பவரைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஷிப்ட்டில் இருந்ததால் வாங்க முடியாமல் போனவரும் அதே ‘டோர் லாக்’ வரிக்குள் அடங்கிவிடுகிறாரே, அதுதான் மனதை அறுக்கிறது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் கடலூரில் ஆற்றையொட்டிய பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்கள் முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்தார்கள். எங்கள் கணினிக்கு அது தெரியாது. குறிப்பிட்ட தடவை முயற்சி முடிந்தால் ஆர்.டி.ஓ., அதாவது அனுப்பியவருக்கே திரும்ப, என்று தானாகத் திருப்பிவிடும். அப்படித் திரும்ப இருந்த கவர்களில் புது ஏ.டி.எம். கார்டு இருந்தது, மருந்துப் பார்சல் இருந்தது. மேலே போன் போட்டுக் கெஞ்சி, சிலவற்றை நிறுத்திவைத்தோம், எல்லாவற்றையும் முடியவில்லை. வீடே தண்ணீரில் நிற்கும்போது அந்த வீட்டு வாசலில் கையெழுத்து கேட்கும் விதியை என்னவென்று சொல்வது!

“அண்ணே, பக்கத்து வீட்டுல குடுத்துட்டு நீங்களே சைன் போட்டுக்கங்க” என்று போனில் சொல்பவர்கள் ஏராளம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் பையன்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்: அடுத்தவர் கையெழுத்தை நீ போடாதே. வேறொரு ஊர்க் கிளையில் ஒரு பையன் இப்படி விலை கூடிய செல்போனைக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு வீட்டுக்கும் பழைய தகராறு என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? போன் வரவில்லை என்று புகார் போனது, கையெழுத்து பொருந்தவில்லை, தொகையை அவன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். சொன்னவர் யாரும் கூட வந்து நிற்கவில்லை.

ஓ.டி.பி. வந்தபிறகு பாதிக் கஷ்டம் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அம்மா வாங்கிக்கொள்ளலாம், மகன் வேலை இடத்திலிருந்து எண்ணைச் சொல்லிவிடலாம். தபால் துறையிலும் 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டு, அக்டோபர் 1 முதல் ஒரு கவருக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகக் கட்டினால் ஓ.டி.பி. சொல்லி வாங்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். பதிவு வேண்டுமென்றாலும் அதே 5 ரூபாய்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் ரசாயனத் தொழிற்சாலைகளில் பிளான்ட்டுக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஓ.டி.பி. அந்தப் பெட்டிக்குள் வந்து காலாவதியாகிவிடும். மகன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அம்மாவுக்கு மிக்ஸி வாங்கிப் போட்டால், எண் இந்தியாவில் அவன் விட்டுவிட்டுப் போன சிம்முக்கு வரும். அம்மா வாசலில் நின்று மிக்ஸிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார், கையில் கொடுக்க முடியாது.

கிளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது சுலபம். அதற்கும் நாங்கள் திறந்திருக்க வேண்டுமே? தபால் நிலையத்தில் கவரைச் சில நாள் வைத்திருப்பார்கள் என்றாலும், கவுண்டர் நேரத்தில் போக வாங்குபவர் அரைநாள் லீவு போட வேண்டும். தினக்கூலிக்கு அரைநாள் என்பது சும்மா இல்லை. அதனால் எங்கள் கிளையை இப்போது சாயங்காலம் எட்டு மணிவரை திறந்துவைக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒருவர் இருப்பார். இதற்குத் தனியாக ஆள் கொடுக்கவில்லை, நானும் இன்னொரு தம்பியும் மாற்றி மாற்றி இருக்கிறோம். இரண்டு மணி ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் யூனிஃபார்மோடேயே வந்து, அடையாள அட்டையைக் காட்டி வாங்கிப் போகிறார்கள். மேசையில் காகிதமும் பேனாவும் மைப்பெட்டியும் வைத்திருக்கிறேன். திரையில் கோடு போட்டாலும் காகிதத்திலும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். தலைமை அலுவலகம் கேட்கவில்லை, என் நிம்மதிக்கு.

நான் தலைமை அலுவலகத்திடம் கேட்டிருப்பது செயலியில் நிரப்ப இரண்டே கட்டம். பார்சல் பதியும்போதே ‘வாங்குபவர் எந்த நேரம் வீட்டில் இருப்பார்’ என்று ஒன்று, ‘அவர் இல்லாவிட்டால் யாரிடம் கொடுக்கலாம், அவர் போன் எண் என்ன’ என்று இன்னொன்று. அனுப்புபவர் அரை நிமிடத்தில் நிரப்பிவிடலாம். மூன்று கூட்டத்திலும் குறித்துக்கொண்டார்கள், இன்னும் செயலியில் வரவில்லை. அதுவரை எங்கள் கவுண்டரில் கவர் கொடுக்க வருகிறவர்களிடம் நானே கேட்டு, முகவரிக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அனுப்புகிறேன்: ‘2 மணிக்கு மேல்’, ‘இல்லையென்றால் மாடி வீட்டு அம்மாவிடம்’. அந்த ஊர்ப் பையன் படித்தால் போதும்.